வாடகைக்குப் போகும் வங்கிக் கணக்குகள்

சூதாட்டத் தடைச் சட்டம் என்றாலே ஆட்டத்தை நடத்துபவரும் ஆடுபவரும்தான் நினைவுக்கு வருவார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் ஆடுபவரை விட்டுவிட்டு, பணத்தைச் சுமந்து செல்பவரைப் பிடித்தது. வங்கியோ, நிதி நிறுவனமோ, பணம் போக வழிசெய்யும் வேறு எவருமோ ஆன்லைன் பண விளையாட்டுக்கான பரிவர்த்தனைக்குத் துணைபோகக் கூடாது என்கிறது அதன் 7-ஆவது பிரிவு. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். வரவேற்க வேண்டிய பிரிவுதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டதும் அந்தச் சுமையைத் தூக்க வேறு தோள்கள் தேடப்படுகின்றன. திண்டுக்கல் போன்ற ஊர்களில் கல்லூரி மாணவர்கள், மில் தொழிலாளர்கள், பெட்டிக்கடைக்காரர்கள் ஆகியோரின் சேமிப்புக் கணக்குகள்தான் அந்தத் தோள்கள்.

பணத்தின் பாதை ஏன் முக்கியம்?

ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான போரைத் தமிழ்நாடு வெகு காலமாக நடத்திவருகிறது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் பேரவை அதை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடைசெய்ய முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்றும் சொன்னது.

இத்தனை ஆண்டு வாதமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா? சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவரின் மனைவிக்கு இந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. மத்தியச் சட்டம் அந்த வாதத்தையே ஓரம்கட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடினால் அது பண விளையாட்டு, அவ்வளவுதான். இதை எதிர்த்து நிறுவனங்கள் பல உயர் நீதிமன்றங்களில் தொடுத்த வழக்குகள் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

சூதாட்டத்துக்கான பணத்தை வங்கிகள் அனுமதிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சட்டமும் சொல்லத்தான் செய்தது. ஆனால் ரிசர்வ் வங்கியும் யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமும் மாநில அரசின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மும்பையில் இருக்கும் ஒரு பேமென்ட் நிறுவனத்தைச் சென்னையிலிருந்து மிரட்டிவிட முடியாது. மத்தியச் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது. நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சில நாள்களிலேயே ட்ரீம்11, எம்பிஎல் உள்ளிட்ட பெரிய செயலிகள் பண விளையாட்டை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த நிறுவனமே அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. பல ஆண்டு விவாதம் செய்யாததை, காசு போகும் வழியை அடைப்போம் என்ற ஒரு மிரட்டல் செய்துகாட்டியது.

ஆன்லைன் பண விளையாட்டால் 45 கோடிப் பேர் பாதிக்கப்பட்டு, ரூ.20,000 கோடிக்கு மேல் இழந்திருப்பதாக மத்திய அரசு மதிப்பிட்டது. 45 கோடி என்றால் நாட்டில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். எனக்கு அது கொஞ்சம் பெரிய எண்ணாகவே படுகிறது. எண்ணில் பாதி உண்மை என்றாலும் போதும், தடை நியாயம்தான்.

லாட்டரி சொல்லும் பாடம்

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியைத் தடைசெய்தபோது திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சீட்டு தொங்கிய கடைகள் காணாமல் போயின. அன்றாடக் கூலியில் ஒரு பகுதியைச் சீட்டில் விட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். கண்ணெதிரே கடை இல்லை என்றால் ஆசையும் பாதி குறைந்துவிடும். தடை பயன்தராது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் மிச்சம் இருந்த ஆசை ஒளிந்துகொண்டது. மூன்று நம்பர் லாட்டரி என்ற பெயரில், பக்கத்து மாநிலக் குலுக்கல் முடிவை வைத்து, துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுக்கும் வியாபாரம் இன்றும் நடக்கிறது. அவ்வப்போது கைதுச் செய்தியும் வருகிறது. முன்பு எழுதுகிறவர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் நம்பர், ஜிபேயில் காசு. தடையை மீறிய தொழில் தன் கல்லாப்பெட்டியை யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குள் வைத்துக்கொண்டது. ஆன்லைன் சூதாட்டம் அதே வழியில், அதைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் போகிறது.

காசு எப்படிப் போகிறது?

உள்நாட்டுச் செயலிகள் நின்றுவிட்டன. வெளிநாட்டிலிருந்து இயங்கும் பெட்டிங் தளங்கள் நிற்கவில்லை. ஒரு முகவரியை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மறுநாள் வருகின்றன. ஐபிஎல் காலத்தில் இவற்றின் ஆள்கள் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் கடை விரிக்கிறார்கள்.

அங்கே ஆட விரும்புகிறவருக்கு முதலில் ஒரு யுபிஐ முகவரியோ கியூஆர் கோடோ வரும். பெயரைப் பார்த்தால் ஏதோ ஒரு மளிகைக் கடை, மொபைல் கடை, அல்லது கேள்விப்படாத ஒரு தனி மனிதர். பணத்தை அனுப்பிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் ஆட்டக் கணக்கில் 'பாயின்ட்' ஏறும். அடுத்த முறை அதே ஆளுக்கு வேறு பெயரில் வேறு கோடு. முதல் கணக்கில் விழுந்த பணம் சில நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து கிரிப்டோவாகவோ ஹவாலாவாகவோ நாட்டைத் தாண்டிவிடும்.

வணிகர்களுக்கான ஒவ்வொரு யுபிஐ கணக்குக்கும் அட்டை இயந்திரத்துக்கும் தொழிலைக் குறிக்கும் நான்கு இலக்க எண் உண்டு. பந்தயத்துக்கும் சூதாட்டத்துக்கும் 7995. அந்த எண்ணோடு வரும் பணத்தை வங்கி ஒரு நொடியில் தடுத்துவிடலாம். சூதாட்டக்காரன் அந்த எண்ணோடு வந்தால்தானே! அவன் மளிகைக் கடையின் எண்ணைப் போட்டுக்கொண்டு வருகிறான். தனிநபர் கணக்கு என்றால் அந்த எண்ணும் தேவையில்லை. அத்தைக்கு அனுப்பிய பணமும் பெட்டிங்குக்கு அனுப்பிய பணமும் வங்கியின் கணினிக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்கா 2006-இல் இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போகக் கூடாது என்று சட்டம் போட்டது. சில நிறுவனங்கள் வெளியேறின. சில நிறுவனங்கள் நகைக் கடை, கோல்ஃப் பந்து விற்கும் கடை என்று இல்லாத கடைகளின் பேரில் கணக்கு வைத்துப் பணம் வாங்கின. 2011 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வழக்குப் போட்டபோதுதான் இது முழுசாக வெளியே வந்தது. பெரிய வழியை அடைத்த பிறகு ஐந்து ஆண்டுகள் சின்ன வழிகளைத் துரத்த வேண்டியிருந்தது என்பதே அந்தக் கதை.

இந்தியாவிலும் 2025 மார்ச்சில் ஜிஎஸ்டி புலனாய்வு இயக்குநரகம் ஒரு கணக்கைச் சொன்னது: முடக்கிய இணையதளங்கள் 357. ஆனால் இரண்டே வழக்குகளில் முடக்கிய வங்கிக் கணக்குகள் சுமார் 2,400. அவற்றில் நிறுத்திவைத்த தொகை ஏறத்தாழ ரூ.126 கோடி. தளங்களைவிடக் கணக்குகள் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அந்த 2,400 கணக்குகளுக்கும் பாஸ்புக், ஆதார், பான் எல்லாம் உண்டு. அவற்றில் பலவும் யாரோ ஒரு சாமானியரின் பேரில் இருக்கலாம்.

ஐயாயிரத்துக்கு ஒரு பாஸ்புக்

காவல் துறையினர் இதை 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். நம் பக்கத்துப் பையன்களுக்கு 'கணக்கு வாடகைக்கு விடுறது' என்றால் புரியும். ஆள் பிடிப்பவன் பெரும்பாலும் தெரிந்தவனாகவே இருப்பான்: கல்லூரி சீனியர், மில் விடுதியில் பக்கத்து அறைக்காரர், அண்ணன் முறை வரும் ஒருவர். "டாக்ஸ் பிரச்னைடா, நம்ம கம்பெனி அக்கவுண்ட்ல காசு வாங்க முடியல. ஒரு அக்கவுண்ட் ஓபன் பண்ணிக் குடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் எங்ககிட்ட இருக்கட்டும். மாசம் ஐயாயிரம்." இதில் திருட்டு வாசனையே வராது. பையனுக்கு ஐயாயிரம் என்பது மூன்று மாத பைக் பெட்ரோல்.

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு வெளிமாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்கள் அதிகம். சம்பளம் வங்கியில் விழுவதால் எல்லோருக்கும் கணக்கு உண்டு; ஊருக்குத் திரும்பும்போது அந்தக் கணக்கை யாரும் மூடுவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் இந்தக் கணக்குகள் இந்தத் தொழிலுக்குத் தேன்கூடு மாதிரி. நலத்திட்டத்துக்காகத் திறந்து பிறகு மறந்துபோன கணக்குகளும் அப்படித்தான்.

இதன் விலை என்ன என்று யாரும் அந்தப் பையனுக்குச் சொல்வதில்லை. பணத்தை வாங்கியவனின் உண்மையான பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. கணக்குக்காரரின் பெயர் எல்லா ஆவணத்திலும் இருக்கும். ஹைதராபாத்திலோ அகமதாபாத்திலோ ஒருவர் புகார் கொடுத்தால் முதல் சம்மன் திண்டுக்கல் முகவரிக்குத்தான் வரும். மத்தியச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு வங்கிகளோடு நிற்கவில்லை. பணம் போக வழிசெய்யும் எவரையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் குற்றம் பிணையில் விட முடியாத குற்றம். கணக்கை வாடகைக்குக் கொடுத்த பத்தொன்பது வயதுப் பையன், சட்டத்தின் பார்வையில் ஒரு பேமென்ட் நிறுவனத்தின் இயக்குநரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டி வரலாம்.

என் பார்வையில் இந்தச் சட்டத்தின் பெரிய குறையும் இதுதான். மேலே பணம் பண்ணுகிறவன் துபாயிலோ வேறு எங்கோ இருக்கிறான். கீழே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களை வைத்து வழக்கு எண்ணிக்கையைக் காட்டிவிடலாம் என்ற ஆசை அதிகாரிகளுக்கு வரக் கூடாது.

குற்றமே செய்யாதவர் கணக்கும் முடங்கும்

இன்னொரு பாதிப்பு வணிகர்களுக்கு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் தொடர்ந்து வருகிறார்கள். நிலக்கோட்டைப் பூ, திண்டுக்கல் வெங்காயப் பேட்டை எல்லாவற்றிலும் இப்போது யுபிஐதான். சரக்கு வாங்குகிறவர் எந்தக் கணக்கிலிருந்து அனுப்புகிறார், அதில் பணம் எங்கிருந்து வந்தது என்று கமிஷன் மண்டிக்காரர் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. வந்ததில் சூதாட்டப் பணமோ மோசடிப் பணமோ பத்தாயிரம் கலந்திருந்தால்? எங்கோ ஒரு சைபர் காவல் நிலையம் அந்தச் சங்கிலியில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கச் சொல்லும். வங்கி மொத்தக் கணக்கையும் முடக்கும். விவசாயிக்குப் பட்டுவாடா செய்ய வைத்திருந்த லட்சங்களும் சேர்ந்து சிக்கும். கிளை மேலாளரிடம் போனால், "மேலிடத்து உத்தரவு, அந்த ஸ்டேஷன்ல பேசிக்குங்க" என்பார். அந்த ஸ்டேஷன் எந்த மாநிலம் என்பதே அப்போதுதான் தெரியவரும்.

2024-இல் இப்படிப்பட்ட ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: எவ்வளவு தொகை, எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்குவது வாழ்வாதார உரிமையைப் பாதிக்கும், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க விட வேண்டும். அறிவுள்ள தீர்ப்பு. சூதாட்டத்துக்கு எதிரான நடவடிக்கை வேகமெடுக்கும்போது முடக்க உத்தரவுகளும் கூடும் என்பதால் இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு கிளை மேலாளரும் அறிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஆடுகிறவர் தன்னைத் தானே கட்டிக்கொள்ள ஒரு வசதி. பிரிட்டனில் 2018-இலேயே மோன்சோ போன்ற வங்கிகள் தங்கள் செயலியில் ஒரு சுவிட்சை வைத்தன. அதைப் போட்டுவிட்டால் சூதாட்டத்துக்குப் பணம் போகாது. திரும்ப எடுக்க வேண்டும் என்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். ஆட்ட வெறி இரண்டு நாள் தாங்காது என்பதுதான் இதன் சூட்சுமம். 2020 ஏப்ரலில் அந்நாடு கிரெடிட் கார்டில் சூதாடுவதையே தடைசெய்தது. இங்கே ஏடிஎம், கிரெடிட் அட்டைகளில் ஆன்லைன் பயன்பாட்டை நாமே நிறுத்திவைக்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2020 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது. யுபிஐக்கும் அதைக் கொண்டுவரலாம்: இரவு 12 முதல் காலை 5 வரை புதிய நபருக்குப் பணம் போகாதபடி வாடிக்கையாளரே அடைத்துவைக்கவும், அதைத் திறக்க 48 மணி நேரம் ஆகவும் வழி இருக்க வேண்டும். அந்த ஐந்து மணி நேரத்தைச் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் பண விளையாட்டுக்குத் தடை விதித்த நேரம் அதுதான். அந்த விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பொட்டியைக் காலி செய்வது நள்ளிரவு ஆட்டம்தான் என்று ஆடியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

வங்கிகளுக்கு ஒரு வார்த்தை. மியூல் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே ஒரு மென்பொருளை உருவாக்கியிருக்கிறது. அது வேலை செய்யட்டும். ஆனால் மாதம் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் கணக்கில் ஒரே இரவில் இருநூறு பேர் பணம் போட்டால் அதைக் கண்டுபிடிக்க மென்பொருளே வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். நடப்புக் கணக்கும் கியூஆர் கோடும் கொடுக்கும்முன் கடை இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தால் மளிகைக் கடை வேஷம் பாதி கலையும். வாடிக்கையாளர் எண்ணிக்கை இலக்கை விரட்டும் முகவர்களிடம் இந்த வேலையை விட்டதால்தான் இவ்வளவு தூரம் வந்தது.

கணக்கை முடக்கும்போது, எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதைத் தமிழில் குறுஞ்செய்தியாக அன்றே அனுப்ப வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் எதுவும் தேவையில்லை.

மாநில அரசு கவனிக்க வேண்டிய ஒரு முரண்பாடு உண்டு. மத்தியச் சட்டம் ஆடுகிறவரைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது, தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமோ ஆன்லைன் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம் என்கிறது. பணத்தை இழந்தவர் புகார் கொடுக்க வருவாரா, ஓடி ஒளிவாரா? அவர் வந்தால்தான் பணம் போன கணக்கு தெரியும். கணக்கு தெரிந்தால்தான் மேலே இருப்பவனை நெருங்க முடியும். ஆடியவர் புகார்தாரராக வந்தால் அவர் மீது வழக்கு இல்லை என்று அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

கணக்கை வாடகைக்கு விட்டுவிட்டு முழித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் அப்படி ஒரு வாசல் திறக்கலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் தாமாக வந்து, யார் கேட்டார்கள், எங்கே கொடுத்தோம் என்று எழுதிக்கொடுத்தால் அவர்களைச் சாட்சியாக நடத்துவது என்று மாவட்டக் காவல் துறை முடிவெடுத்தால் ஆள்பிடிப்பவர்களின் வலை ஒரே மாதத்தில் கிழியும். இதைக் கல்லூரிகளில் பேச வேண்டும். நூற்பாலை விடுதிகளில் இந்தியிலும் ஒடியாவிலும்கூடப் பேச வேண்டும். மகளிர் குழுக் கூட்டங்களில் கட்டாயம் பேச வேண்டும். வீட்டுக்காரரின் கடனை அடைக்கக் குழுவில் கடன் வாங்குவது அவர்கள்தான்.

ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பது நோய். திட்டித் தீர்க்கிற விஷயம் அல்ல. 14416 என்ற மத்திய அரசின் மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

இதைப் படிப்பவர்களில் யாருடைய கணக்காவது, ஏடிஎம் அட்டையாவது, உங்கள் பேரில் வாங்கிய சிம்மாவது இன்னொருவர் கையில் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே கிளைக்குப் போய் எழுத்துமூலம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தின் நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் உள்ள சைபர் குற்றப் பிரிவிலோ 1930 என்ற எண்ணிலோ தகவல் கொடுங்கள். சம்மன் வருவதற்கு முன் போகிறவரின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு, வந்த பிறகு போகிறவரின் பேச்சுக்கு இருக்காது.